ஒரே பாராவில் மூழ்கிய கப்பல்

தொடர்கதை எழுதுகிறவனுக்குக் கப்பலை மூழ்கடிப்பது மிகவும் சுலபமான காரியம். ஒரு வாரம் கதை நகராமல் அடம் பிடித்தபோது நானும் அதைத்தான் செய்தேன். வேண்டாத பாத்திரம் ஒன்றை முப்பது பேரோடு வட கடலில் ஏற்றி, பனிப்பாறையில் மோதவிட்டு, ஒரே பாராவில் கணக்குத் தீர்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஐயா, தாங்கள் மூழ்கடித்த கப்பலின் படகுகளுக்கு மூடி உண்டா? 'ஹான்ஸ் ஹெட்டோஃப்ட்' பற்றிப் படித்துவிட்டு எழுதியிருக்கலாமே" என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் படித்தேன்.

குளிர்காலத்திலும் கிரீன்லாந்துக்குப் போய்வரவேண்டும் என்று டென்மார்க் கட்டிய புதுக் கப்பல் அது. இரட்டை அடித்தட்டு, பனியைத் தாங்க வலுவூட்டிய முகப்பு. முதல் பிரயாணத்திலேயே, திரும்பி வரும் வழியில், 1959 ஜனவரி 30-ஆம் தேதி ஃபேர்வெல் முனைக்கு அப்பால் பனிப்பாறையில் மோதிற்று. 'விடைபெறும் முனை' என்று நான் கதையில் பெயர் வைத்திருந்தால் செயற்கை என்று சொல்லியிருப்பீர்கள். கப்பலில் இருந்தவர்கள் 95 பேர். கிரீன்லாந்தின் பிரதிநிதியாக டென்மார்க் பாராளுமன்றத்தில் இருந்த அவ்கோ லிங்கேயும் அவர்களில் ஒருவர். பல மணி நேரம் ரேடியோவில் செய்தி வந்துகொண்டே இருந்தது: தண்ணீர் ஏறுகிறது, மெல்ல மூழ்குகிறோம், உதவி தேவை. ஒரு ஜெர்மன் மீன்பிடிக் கப்பல் புயலில் தேடிற்று; அமெரிக்கக் கப்பலும் வந்தது. ஓர் ஆளைக்கூடக் காணவில்லை. கிரீன்லாந்து தேவாலயங்களின் பழைய பதிவேடுகளும் அந்தக் கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தன. மனிதர்களோடு அவர்களுடைய பாட்டன் பூட்டன் பிறந்த தேதிகளும் கடலுக்குள் போயின. அக்டோபரில் ஐஸ்லாந்துக் கரையில் ஒரு மிதவை வளையம் ஒதுங்கிற்று. கிடைத்தது அவ்வளவுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1912-இல் டைட்டானிக் போனபிறகு தேசங்கள் லண்டனில் கூடி, 1914-இல் கடற்பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதினார்களே, பனிப்பாறைகளைக் கண்காணிக்க ரோந்து வைத்தார்களே, அப்புறமும் இதுவா? ஹெட்டோஃப்ட் போனபிறகுதான் கிரீன்லாந்தின் தென்கோடியில் விமானத்திலிருந்து பனியைப் பார்த்துச் சொல்ல டென்மார்க் தனி நிலையம் வைத்தது. ஒரு விதி பிறப்பதற்கு ஒரு கப்பலைக் காவு கேட்கிறார்கள் போலிருக்கிறது!

2007 நவம்பரில் தென் துருவத்தில் இன்னொன்று. 'எக்ஸ்ப்ளோரர்' என்ற உல்லாசக் கப்பல் பனியில் இடித்து ஓட்டையாயிற்று. 154 பேர் திறந்த படகுகளில் பல மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் பறக்கவிட்டது லைபீரியக் கொடி. ஏற்றிக் காப்பாற்றியது நார்வேக் கப்பல். கரைசேர்த்த பிறகு ஊருக்குக் கொண்டுபோனது சிலி நாட்டு விமானம். எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் பக்கத்தில் கப்பல் இருந்ததும், கடல் பெரிதாகக் கொந்தளிக்காததும் யார் போட்ட திட்டம்? அதிர்ஷ்டம்தான்.

வடக்கில் தேடி மீட்கும் பொறுப்பை எட்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டு 2011-இல் கையெழுத்திட்டன. ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒரே காகிதத்தில்! அதுவும் கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கில். பிறகு 2017 ஜனவரி 1 முதல் துருவக் கடல் விதிகள் அமலுக்கு வந்தன. துருவக் கடலுக்குப் போகும் கப்பல் தனிச் சான்றிதழ் வாங்கவேண்டும். படகுகளுக்கு மூடி வேண்டும். மீட்க யாராவது வரும்வரை, குறைந்தது ஐந்து நாளாவது உயிர்பிழைத்திருக்கச் சாதனங்கள் வேண்டும். ஐந்து நாள் என்று படித்தபோது ஹெட்டோஃப்ட்டின் அந்தச் சில மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன். அந்த விதிகள் முதலில் மீன்பிடிக் கப்பல்களைத் தொடவே இல்லை. புயலில் தேடப் போனது மீன்பிடிக் கப்பல்தான் என்பதை மறந்துவிட்டார்கள்!

கதை புத்தகமாக வந்தபோது அந்தப் பாராவை இரண்டு அத்தியாயமாக்கினேன். பன்னிரண்டு பேரைப் பிழைக்கவும் வைத்தேன். எஞ்சினியருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. "படித்தேன். மகிழ்ச்சி. படகில் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு வைத்திருந்தீர்கள்?"