காய்ப்பு

பேத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரல்கள் கிளம்பும் இடத்துக்குக் கீழே வரிசையாக நான்கு காய்ப்பு. மூன்றாவது பிய்ந்து, மிளகாய் விதை அகலத்துக்குத் தோல் எழும்பி நின்றது. அடியில் இளஞ்சிவப்பாகச் சதை. "ரிப் ஆயிருச்சு அம்மாச்சி" என்றாள். அழுகை இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைக் காட்டுகிற குரல்.

அதே வயதில், அதே இடத்தில் எனக்கும் காய்ப்பு இருந்தது. கிணற்றுக் கயிறு கொடுத்தது. மதுரையில் எங்கள் வளவுக் கிணற்றில் தினமும் இருபது வாளியாவது இறைப்பேன். ராத்திரி அம்மா விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுவாள். இவளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். பிய்ந்த தோலை ஓரமாக நறுக்கிவிட வேண்டும், குளித்த பிறகு நுரைக்கல்லால் மேட்டைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும் என்று ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் சொல்லியிருக்கிறார். காய்ப்பே இல்லாவிட்டால் கை கொப்பளிக்கும். மேடு அதிகமானால் கம்பி அதைப் பிடித்துக் கிழித்துவிடும். இருக்கவும் வேண்டும், ஏறவும் கூடாது.

போன குளிர்காலம் முழுக்கப் பிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருந்தேன். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில் வாரத்துக்கு மூன்று மாலை, மூன்று மூன்று மணி நேரம், ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் போட்டிகள் தொடங்கின. ஏப்ரல் வரை முடியவில்லை. போட்டிநாள் விடியலில் மகள் ஜெல் தடவி, ஒரு முடி பிரியாமல் கொண்டை போட்டுவிடுவாள். சில ஞாயிறுகளில் போட்டி முடிந்த கையோடு வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போவோம். அதே கொண்டையோடும், முகத்தில் ஒட்டிய மினுக்கோடும் பிள்ளை புளியோதரை சாப்பிடும். அமெரிக்காவில் எழுந்த முதல் கோயில்களில் அதுவும் ஒன்று. 1976இல் எழுந்தது. அந்த வருஷத்துக்கு வேறொரு காரணத்துக்காகத் திரும்ப வருகிறேன்.

இவள் லெவல் நான்கு. அந்த லெவலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆட்டம். தன் இஷ்டப்படி ஒரு அசைவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தரையில் ஆடும்போது போடும் பாட்டும் எல்லோருக்கும் ஒன்றேதான். ஒரு போட்டிநாளில் அந்தப் பாட்டை நான் நாற்பது, ஐம்பது தடவை கேட்டிருப்பேன். எனக்கே அப்படியென்றால், செப்டம்பரிலிருந்து அதற்கே ஆடிக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பிப்ரவரி மூன்றாம் வாரம், காரில், சீட் பெல்ட்டை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னைக்கு மட்டும் போகலைன்னா என்ன அம்மாச்சி?"

சோம்பல் இல்லை அது. அந்தப் பிள்ளையிடம் சோம்பலை நான் கண்டதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இவள் லெவலில் மதிப்பெண் முறையே கழித்தல்தான். பிள்ளை களத்தில் இறங்கும்போது அவள் கணக்கில் பத்து இருக்கிறது. முழங்கால் மடிந்தால் கொஞ்சம் போகும். கால்விரல் நீளாவிட்டால் கொஞ்சம் போகும். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள பீமிலிருந்து விழுந்தால் 0.5 போகும். கடைசியில் மிச்சம் என்ன என்பதைப் பலகையில் காட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை அதைத் தாங்கிக்கொள்ளலாம். போட்டிக்குப் போட்டி தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு மார்ச்சில் என்ன ஆசை மிஞ்சும்? வீட்டுக்கு வரும் வழியில் பெரியவர்கள் நாமும் சேர்ந்துகொள்கிறோம். "எங்கே போச்சு அந்தப் பாயிண்ட் மூணு?" என்று என் மகள் கேட்டாள். அன்போடுதான் கேட்டாள். நானும் அதற்கு முந்தைய மாதம் அதையே கேட்டவள்தான்.

1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி என்ற பதினான்கு வயது ருமேனியப் பெண் யாரும் எதையும் கழிக்க முடியாதபடி ஆடினாள். பலகையில் பத்துக்கு இடம் இல்லை; 1.00 என்று விழுந்தது. ஒரு குழந்தை முழுதாக மிஞ்சுவாள் என்று பலகை செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கூடத்தின் கோச் நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அவர் வேறொரு கணக்கு வைத்திருந்தார். சுவரில் பெரிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. எந்தப் பிள்ளையும் எதையாவது முதல் தடவையாகச் செய்தால் தன் கையாலேயே அதில் எழுதலாம். "கைநிலை, பத்து விநாடி." "இடது கால் விரிப்பு, தரை தொட்டேன்." "பயப்படலை." அதிலிருந்து எதையும் யாரும் அடிக்க முடியாது. கூடிக்கொண்டே போகும். அதோடு, புதன்கிழமைகளில் போட்டி ஆட்டத்தையும் அந்தப் பாட்டையும் தொடவே விடமாட்டார். அடுத்த வருஷம் தேவைப்படும் வித்தைகளைச் சொல்லிக்கொடுப்பார். பிறகு ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழிக்குள் குதிக்கவிடுவார். சீசன் நடுவில் இது என்ன விளையாட்டு என்று பெஞ்சில் சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். புதன்கிழமை காரில் ஏற என் பேத்தி ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

பீமில் பின்பக்கமாக வளைந்து எழும் வித்தையை அவர் பழக்கியதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். பிள்ளையின் இடுப்புக்கடியில் அவர் கை இருக்கும். முதல் வாரம் உடம்பைத் தாங்கியது. அடுத்த வாரம் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. அதற்கடுத்து ஒரு சாண் கீழே இறங்கியது. பிள்ளைக்கு அது தெரியாது, கை அங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். கோச்சின் வாய் மட்டும் ஓயாது. "ம், ம், ம்" என்று தாளம்போல ஒரு முனகல் பீமோடு கூடவே நடக்கும்.

அந்த முனகல்தான் என்னை அறுபது வருஷம் பின்னால் கொண்டுபோனது.

சித்திரைத் திருவிழா முடிந்து கூட்டம் வடிந்திருந்த ஒரு சாயங்காலம். தெற்கு மாசி வீதியில் மூங்கில்களைக் குறுக்காகக் கட்டி, இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவே கயிறு இழுத்திருந்தார்கள். கழைக்கூத்து. கயிற்றின்மேல் என் வயதுப் பெண் ஒருத்தி. தலையில் மூன்று பித்தளைச் சொம்பு, கையில் அவளைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு கம்பு. அவளுடைய அப்பா கீழே மேளம் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு, முகத்தை மேலே வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு நேர் கீழே அவளோடு நடந்தாள். நான் மேளத்தை மட்டும் கவனித்தேன். அவள் வேகமாக நடக்கும்போது அது வேகமாக ஓடியது. நட்டநடுவில் கயிறு ஆடி அவள் நின்றுவிட்டாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேளம் நிற்கவில்லை. தணிந்து, மெதுவாகி, விரல்நுனியால் தட்டுவது போல, இருக்கிறேன் இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் காலை எடுத்து வைத்ததும் ஏறியது. இறங்கியதும் அவள் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். என் கையில் ஐந்து பைசா இருந்தது. போடும்போது அவள் பாதத்தைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிறு அறுத்த இடம் வெள்ளையாகத் தடித்திருந்தது.

பிற்பாடு கல்லூரியில் குறுந்தொகை படித்தபோது ஏழாம் பாட்டில் அந்த மேளத்தைத் திரும்பக் கேட்டேன். பெரும்பதுமனார் பாட்டு. மூங்கில் செறிந்த காட்டில் காற்றடித்து வாகை நெற்றுகள் சலசலக்கின்றன. ஆரியர் கயிற்றில் ஆடும்போது ஒலிக்கும் பறையைப்போல என்கிறார் புலவர். அந்தக் காட்டு வழியே ஓர் இளைஞனும் பெண்ணும் போகிறார்கள். அவள் காலில் இன்னும் சிலம்பு கிடக்கிறது. அப்படியென்றால் மணம் ஆகவில்லை. எதிரே வந்தவர்கள், பாவம், யாரோ இவர்கள் என்று இரங்குகிறார்கள். அந்தக் காதலர்களை வகுப்பில் எல்லோரும் பேசினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஊர்த்தெருவில் கயிற்றின்மேல் நின்றிருந்த பெண்ணை யாரும் பேசவில்லை. பாட்டிலும் அவள் இல்லை. அவளுக்காக அடித்த பறை மட்டும் இருக்கிறது.

அந்தத் தெற்கு மாசி வீதிப் பெண்ணிடம் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ராத்திரிச் சோறு அந்தத் தட்டில் இருந்தது. என் பேத்தியிடம் கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவே, காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று பிடிபடாமல், ஒரே ஒரு வால்ட் தாவலோடு ஒதுங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து பீமில் வெண்கலம் வாங்கினார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கம். அவரை வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். அந்த ஒரு வாரம் அவரிடம் யார் என்ன பேசினார்களோ, அவர் நின்றபோது கீழே ஏதோ ஒரு மேளம் நிற்காமல் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சீட் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவளை நான் அன்று கூட்டிப்போகவில்லை. வீட்டில் இரண்டு பேரும் தோசை வார்த்தோம். மறுநாள் அவளாகவே பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

கிப் என்று ஒரு வித்தை. கம்பியில் தொங்கி, முன்னே வீசி, கால்விரலைக் கம்பிக்குக் கொண்டுவந்து, அந்த வீச்சிலேயே மேலே எழுந்து, கம்பியில் கைகளை ஊன்றி நிற்க வேண்டும். மாதக்கணக்கில் வராது, பிறகு ஒருநாள் வந்துவிடும். இவள் அது வராமலே நான்கு போட்டி ஆடியிருந்தாள். மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, போட்டி எதுவும் இல்லாத நாளில், வந்தது. கம்பிக்கு மேலே கை நேராக, முகமெல்லாம் கையில் பூசும் வெள்ளைப் பொடியோடு, கண்ணாடி வழியே என்னைத் தேடினாள். காகிதத்தில் எழுதக்கூட மறந்துவிட்டாள்.

அன்று ராத்திரி கையைத் தேய்த்துவிடும்போது கயிற்றுப் பெண்ணின் கதையைச் சொன்னேன்.

"அவளுக்கு ஸ்கோர் யாரு போட்டா?"

"யாரும் போடலை."

"ரிப் ஆச்சா?"

"கால்ல ஆயிருந்துச்சு."

தன் பாதத்தைத் தூக்கி, பெருவிரலை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அவ பேரு என்ன அம்மாச்சி?"

"நான் கேக்கலையேம்மா" என்றேன்.

"ஏன் கேக்கலை?"

நுரைக்கல்லை நனைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டச் சொன்னேன்.