சிக்கனமாக ஓர் இத்தாலிப் பயணம்

"இத்தாலிக்கா? நீங்களா?" என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. அயல்நாட்டுப் பயணம் என்பது செல்வர்களுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எங்களில் ஒருவர் ரயில்வே குமாஸ்தா. பத்தாவது தேறியதோடு படிப்பை நிறுத்தி உத்தியோகத்தில் அமர்ந்தவர். மற்றவர் அவருடைய இல்லாள். எங்கள் வீட்டின் நிதி மந்திரி. நாகபுரியில் குடியேறிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன.

ஏழு ஆண்டுகளாகக் கட்டிவந்த ஏலச்சீட்டு சென்ற 2024-ஆம் ஆண்டில் முதிர்ந்தது. அப்பணத்தைக் கொண்டு சொந்த ஊரில் ஒரு மனை வாங்கிப் போடவேண்டும் என்பது பெரியவர்களின் கருத்து. நாங்களோ சிறு வயது முதல் பாடப் புத்தகத்தில் பார்த்த ரோமாபுரியை நேரில் காணவேண்டும் என்று ஆசைப்பட்டோம். மூன்று மாதம் வாதம் நடந்தது. "மனை எங்கும் ஓடிவிடாது, கால்தான் ஓய்ந்துவிடும்" என்று இல்லாள் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒரே மகளை அவளுடைய பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பம்பாய் சென்று விமானம் ஏறினோம். "மனையை விற்று மலையைப் பார்க்கப் போகிறார்கள்" என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல் எங்களுடனே விமானத்தில் வந்தது.

புறப்படுமுன் இல்லாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதினார். விமானக் கட்டணமும், ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணமும் முன்பே கொடுத்தாயிற்று. மீதியில் நாள் ஒன்றுக்கு இருவருக்கும் சேர்த்து நூறு யூரோ. அறுபது தங்குவதற்கு, இருபத்தைந்து உணவுக்கு, பதினைந்து மற்றவற்றிற்கு. வெனிஸ் நகரில் கோண்டோலா என்னும் கருநிறப் படகில் ஒருமுறை செல்வதற்கென்று 90 யூரோ தனியே ஒதுக்கப்பட்டது. பகல் வேளையில் அரை மணி நேரத்துக்கு அதுதான் நகராட்சி விதித்த கட்டணம். அந்த ஒரு வரியின்கீழ் மட்டும் அவர் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.

ரோம் நகரில் நாங்கள் இறங்கியது ஒரு சனிக்கிழமை. அது தற்செயலாக அமைந்ததன்று. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அரசாங்கத்தைச் சேர்ந்த காட்சிச் சாலைகளிலும் பழஞ்சின்னங்களிலும் கட்டணம் வாங்குவதில்லை. அந்நாளில் கொலோசியத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் முன்கூட்டிப் பதிவு கிடையாது. அன்று காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். நிற்பதற்கு நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? விடியுமுன் சென்று நின்றோம்.

வெஸ்பேசியன் என்னும் சக்கரவர்த்தி தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் காலத்தில் கி.பி. 80-இல் திறக்கப்பட்ட அரங்கம் அது. பல்லாயிரம் மக்கள் அமர்ந்து, மனிதனும் மிருகமும் மடிவதைக் கண்டு களித்த இடம். வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நிற்கும் அழகைக் கண்டு வியந்தோம். அங்கே சிந்திய குருதியை எண்ணி மனம் கசந்தோம். பிற்பகலில் பாந்தியன் ஆலயம் சென்றோம். அதற்கும் அன்று கட்டணமில்லை. ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குமுன் இரும்புக் கம்பி சிறிதுமின்றி வார்க்கப்பட்ட அதன் கூரை, 43 மீட்டர் அகலத்துக்குக் குடைபோல் கவிந்து நிற்கிறது. நடுவே வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியே விழுந்த வெயில் எதிர்ச்சுவரில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.

ரோமில் தாகத்துக்குக் காசு செலவழிப்பது அறியாமை. தெருவுக்குத் தெரு இரும்புத் தூண் ஒன்றிலிருந்து குளிர்ந்த நல்ல நீர் இரவும் பகலும் வழிந்துகொண்டே இருக்கிறது. வளைந்த குழாயின் வடிவைப் பார்த்து ஊரார் அதற்குப் 'பெருமூக்கு' என்று பெயரிட்டிருக்கின்றனர். 1874 முதல் வைக்கப்பட்டவை. இப்போது இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை. மேசையில் அமர்ந்தால் வேறு விலை. நாங்கள் நின்றோம். பெரிய தட்டில் சுட்ட பிட்சாவை வெட்டி எடைபோட்டு விற்கும் கடைகள் மரக்கறி உண்பவர்களுக்கு வரப்பிரசாதம். தக்காளியும் பூண்டும் மட்டும் இட்ட ஒரு வகையில் பாலாடைக்கட்டிகூட இல்லை.

ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு விரைவு வண்டியில் சென்றோம். இரண்டு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தால் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஐரோப்பாவிலேயே முதன்முதல் அமைந்த அதிவேக இருப்புப்பாதை இதுதான். அதன் முதற்பகுதி 1977-இல் திறக்கப்பட்டது. 1992-இல் முழுதும் நிறைவெய்தியது. ஒன்றரை மணி நேரத்தில் புளோரன்ஸ்! குமாஸ்தா வழிநெடுகத் தண்டவாளத்தையும் கைகாட்டிகளையும் பார்த்துக்கொண்டு வந்தார். இயற்கைக் காட்சிகளைப் பார்க்கும் பொறுப்பை இல்லாள் ஏற்றுக்கொண்டார்.

புளோரன்ஸ் கலைஞர்களின் ஊர். மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலை மூலவடிவில் ஒரு காட்சிச் சாலையினுள் இருக்கிறது. அது முன்பு நின்ற சதுக்கத்தில் இப்போது ஒரு பிரதி நிற்கிறது. மூலவரைக் காணக் கட்டணம். உற்சவரைக் காணக் கட்டணமில்லை. நாங்கள் உற்சவரைத் தரிசித்தோம். புருனெலெஸ்கி என்னும் சிற்பி 1436-இல் முடித்த தேவாலயத்தின் செந்நிறக் கவிகையை ஆற்றங்கரையிலிருந்து அந்தி வெயிலில் கண்டோம்.

மறுநாள்தான் அந்தச் சோதனை வந்தது.

சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா நகருக்குப் புளோரன்ஸிலிருந்து சாதாரண வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஆளுக்குப் பத்து யூரோவுக்கும் குறைவான கட்டணம். நிலையத்தில் காகிதச் சீட்டுகளை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, வண்டி வந்ததும் ஏறி அமர்ந்தோம். பாதி வழியில் பரிசோதகராகிய ஒரு பெண்மணி வந்தார். சீட்டுகளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தலையை அசைத்தார். "முத்திரை இல்லையே" என்றார்.

விஷயம் இதுதான். அந்நாட்டில் இத்தகைய காகிதச் சீட்டில் வண்டியின் நேரமோ இருக்கை எண்ணோ குறிக்கப்படுவதில்லை. நடைமேடையருகே உள்ள ஒரு சிறிய பொறியில் அதை நுழைத்து, நாளும் நேரமும் அச்சிட்டுக்கொண்டுதான் வண்டி ஏறவேண்டும். அச்சிடாத சீட்டை மீண்டும் பயன்படுத்த இயலும் அல்லவா? ஆகவே அது செல்லாச் சீட்டுக்குச் சமம். நாங்கள் முன்பு வந்த விரைவு வண்டிக்கு நேரமும் இருக்கையும் சீட்டிலேயே குறித்திருந்தமையால் முத்திரை தேவைப்படவில்லை. இங்கும் அப்படியே என்று எண்ணிவிட்டோம்.

பல ஆண்டுகளாகச் சீட்டு விற்பதையே தொழிலாகக் கொண்டவர், சீட்டின் விதி தெரியாமல் அயல்நாட்டில் அபராதத்திற்கு ஆளாகி நின்றார்! தம்முடைய உத்தியோக அடையாள அட்டையைக்கூட எடுத்துக் காட்டினார். அப்பெண்மணி அதைப் பார்த்துப் புன்முறுவல் செய்தார். ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. இருவருக்கும் சேர்த்து நூறு யூரோ. நான்கு நாள் உணவுக்கு வைத்திருந்த தொகை. எண்ணிக் கொடுத்தபோது கை நடுங்கியது. மனை, ஏலச்சீட்டு, உறவினர் சொன்ன சொல் எல்லாம் ஒருங்கே நினைவுக்கு வந்தன.

அதன்பின் அவர் செய்தது எதிர்பாராதது. எதிர் இருக்கையில் அமர்ந்து, எங்களுக்கு விளங்குமளவு எளிய ஆங்கிலத்தில் அந்த விதி ஏன் ஏற்பட்டது என்று பொறுமையாகச் சொன்னார். பீசாவில் வண்டி நின்றதும் எங்களுடன் இறங்கினார். சுவரில் பொருத்தியிருந்த பொறியின் முன்னே அழைத்துச் சென்று, எங்கள் திரும்பு பயணச் சீட்டின் எந்த முனையை எப்படி நுழைக்கவேண்டும் என்று காட்டினார்; ஏறப்போகும் நேரத்தில்தான் நுழைக்கவேண்டும் என்றும் எச்சரித்தார். பிறகு ஓடிப்போய்த் தம் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பீசா கோபுரத்தை நாங்கள் எந்த மனநிலையில் பார்த்தோம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1173-இல் கட்டத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, அடியில் மண் இளகியதால் அது சாயத் தொடங்கிற்று. 1990-இல் மூடி, ஒரு பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, சாய்வை ஓரளவு குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தார்கள். ஏறிப் பார்க்கக் கட்டணம் உண்டு, ஏறவில்லை. புல்வெளியில் அமர்ந்திருந்தோம்.

நெடுநேரம் பேசாதிருந்த இல்லாள், "உங்கள் கவுண்டருக்கு முன்னால் இப்படி எத்தனை பேர் திகைத்து நின்றிருப்பார்கள்!" என்றார்.

குமாஸ்தாவுக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிலையத்தில் அவர் பணியாற்றியபோது, ஒரு முதியவர் காத்திருப்போர் பட்டியலில் இருந்த தம் சீட்டை ரத்துச் செய்ய வந்தார். வண்டி புறப்பட்டுச் சிறிது நேரம் ஆகியிருந்தது. கெடு தாண்டிய சீட்டுக்குப் பணம் கிடையாது. "விதி இல்லை" என்று இரண்டே சொல்லில் சீட்டைத் திருப்பித் தள்ளிவிட்டு, "அடுத்தவர்!" என்றார் குமாஸ்தா. அம்முதியவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இரு பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. விதி சரிதான், பணம் கொடுத்திருக்க இயலாது. ஆனால் அடுத்த முறை ஏமாறாதிருக்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடையில்லை.

அன்றிரவு இல்லாள் நோட்டை எடுத்தார். சிவப்புக் கோடிட்ட வரியைத் தாமே அடித்துவிட்டு, அதன் அருகே 'அபராதம்' என்று எழுதினார்.

வெனிஸ் நகரைக் கடலின் நடுவே சென்று அடைகிறது புகைவண்டி. 1846-இல் திறக்கப்பட்ட அந்த நீண்ட பாலத்தில் 222 வளைவுகள். நம் பழைய பாம்பன் பாலத்தைக் கடந்தவர்களுக்கு, இருபுறமும் நீர் விரிய வண்டி ஊர்ந்த அந்த அனுபவம் கண்முன் வரும். தெருக்களுக்குப் பதில் வாய்க்கால்கள். வண்டிகளுக்குப் பதில் படகுகள். நீராவிப் படகு என்று பழம்பெயர் வழங்கும் பொதுப் படகில் ஒருமுறை செல்ல 9 யூரோ 50 காசு. நாங்கள் கால்நடையாகவே பாலம் பாலமாக ஏறி இறங்கினோம்.

தங்கியிருந்த விடுதிக்காரர் எங்கள் நிலையறிந்து ஒரு வழி சொன்னார். பெரிய கால்வாயில் பாலமில்லாத இடங்களில் மக்களை அக்கரை சேர்க்க, பழைய கோண்டோலாக்களே ஓடமாக ஓடுகின்றன. வெளியூராருக்கு ஆளுக்கு இரண்டு யூரோ! முன்னும் பின்னும் இருவர் துடுப்பு வலிக்க, இரண்டொரு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தோம். இல்லாள் முகத்தில் மலர்ச்சியைக் கண்டு, உடனே மற்றொரு நான்கு யூரோ கொடுத்துத் திரும்பவும் இக்கரைக்கு வந்தோம். தொண்ணூறு யூரோவில் அடையவேண்டிய இன்பத்தை எட்டு யூரோவில் அடைந்தோம் என்று நோட்டில் குறிப்பு இருக்கிறது.

மிலான் நகரில் விமானம் ஏறுமுன் ஒரு நாள் மிச்சமிருந்தது. பிரெஷாவில் புகைவண்டியை விட்டு இறங்கி, பேருந்தில் காஸ்தில்யோனே என்னும் சிற்றூருக்குச் சென்றோம். பெரும்பாலான பிரயாணிகள் அங்கே போவதில்லை. தமிழர்களுக்கு அங்கே போகக் காரணம் உண்டு. வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர் அது. முப்பது வயதில் கடல் கடந்து வந்து, அதன்பிறகு தமிழ் பயின்று, தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றிய மாமனிதர் இந்தத் தெருக்களில்தான் சிறுவனாக ஓடியிருக்கவேண்டும்.

அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1859-இல் அருகேயுள்ள சொல்பரினோவில் நடந்த பெரும்போரில் காயமுற்ற ஆயிரக்கணக்கானோரை இவ்வூர்க் கோயில்களில் கிடத்தி, எந்த நாட்டுப் படையினர் என்று பாராமல் இவ்வூர்ப் பெண்கள் பணிவிடை செய்தனர். அதை நேரில் கண்டு தாமும் தொண்டு செய்த ஹென்றி டூனான் என்பவரின் உள்ளத்தில்தான் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் உதித்தது. கோயில் படியில் அமர்ந்து, வாங்கிவந்த ரொட்டியை உண்டோம். அன்றைய செலவு மிகக் குறைவு. அன்று கண்ட நிறைவு மற்ற நாட்களைவிடக் குறைந்ததன்று.

பத்து நாள் பயணத்தின் முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஒதுக்கிய தொகைக்குமேல் பன்னிரண்டு யூரோதான் கூடியிருந்தது. மனை இன்னும் வாங்கவில்லை. மறுபடியும் ஏலச்சீட்டில் சேர்ந்திருக்கிறோம். இத்தாலி செல்ல விரும்பும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவம் சொல்வது இவ்வளவே: முதல் ஞாயிற்றுக்கிழமையை ரோமில் கழியுங்கள், வெறும் புட்டி ஒன்று கையில் இருக்கட்டும், காகிதச் சீட்டில் முத்திரையிட மறவாதீர்கள்.

குமாஸ்தாவின் கவுண்டரில் இப்போது வரிசை முன்னைவிடச் சற்று மெதுவாகவே நகர்கிறது என்று சக ஊழியர்கள் குறை கூறுவதாகக் கேள்வி. 'விதி இல்லை' என்று சொன்னபின், அந்த விதி என்ன என்பதையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.