வயிற்றுவலி என்று எழுதப்பட்டவர்கள்

எம்.ஏ. படித்தபோது காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் எங்களுக்கு ஒரு நெடுவினா. ‘விளிம்புநிலையினர் பேச முடியுமா?’ என்ற அவருடைய 1988ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு ‘முடியாது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கட்டுரையின் கடைசியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அவள் புவனேஸ்வரி பாதுரி. 1926இல் வடக்குக் கல்கத்தாவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது வயது பதினாறோ பதினேழோ. அன்று அவளுக்கு மாதவிலக்கு. கல்யாணமாகாத பெண் இறந்தால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும். தான் கர்ப்பமாக இல்லை என்பதற்குத் தன் உடலே சாட்சி சொல்லட்டும் என்று அந்த நாளுக்காகக் காத்திருந்தாள் என்கிறார் ஸ்பிவாக். ஆயுதப் போராட்டக் குழு ஒன்றில் அவள் இருந்ததும், ஓர் அரசியல் கொலை அவளிடம் ஒப்படைக்கப்பட்டதும், அதைச் செய்ய அவளால் முடியாமல் போனதும் ஏறக்குறைய பத்தாண்டு கழித்தே தெரியவந்தன. அதற்குப் பிறகும், குடும்பத்துப் பெண்களே ‘ஏதோ காதல் விவகாரம்’ என்றுதான் சொன்னார்கள்.

அந்த மனக்கொதிப்பில்தான் ‘பேச முடியாது’ என்று ஸ்பிவாக் எழுதினார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று 1999இல் வந்த நூலில் அவரே குறிப்பிட்டார். புவனேஸ்வரி பேசத்தான் செய்தாள். கேட்க ஆளில்லாத பேச்சு பாதியில் நின்றுபோனது.

நம் செய்தித்தாள்களில் பெண்களின் தற்கொலைக்கு ஒரு காரணம் உண்டு: தீராத வயிற்றுவலி. என் சின்ன அத்தையின் சாவுக்கும் அதையே எழுதினார்கள். வயிறு வலிக்கிறது என்று அவர் சொல்லி எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. புருஷன் வீட்டிலிருந்து மூன்று முறை பையோடு வந்து நின்றார். மூன்று முறையும் தலைக்குப் பூ வைத்து, முறுக்கு சுட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் அப்பத்தாவும் பெரியம்மாவும்.

‘அத்தை அப்போ என்ன சொன்னாங்க?’ என்று பல வருடம் கழித்துப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

‘அவ வாயே தெறக்கலடி. பைய வச்சுக்கிட்டு நின்னா, அவ்வளவுதான்.’

பெரியம்மா பொய் சொல்லவில்லை. அந்தப் பையைப் பேச்சாகக் கேட்க அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரும் ஒரு காலத்தில் பையோடு வந்து திரும்பிப் போனவர்தான்.

‘குரலற்றவர்களின் குரல்’ என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஸ்பிவாக்கைப் படித்தபின் அந்தச் சொற்றொடர் எனக்குக் கசக்கிறது. அத்தைக்குக் குரல் இருந்தது. நாம் கடன் கொடுக்க வேண்டியது குரலை அல்ல, காதை.