பெரிய மீன்தொட்டியின் செலவு

எட்டு அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் அவ்வளவே உயரமும் கொண்ட மீன்தொட்டியை இல்லத்தில் அமைக்க விரும்பும் அன்பர்கள், கொளத்தூர்க் கடைகளில் கண்ணாடிக்கும் மீனுக்கும் விலை விசாரித்தவுடன் செலவின் பிரமாணம் விளங்கிவிட்டதாக எண்ணுவது சகஜம்; ஆனால் நிரம்பிய தொட்டியின் நீர் மட்டுமே ஏறக்குறைய 1,400 கிலோ பாரமாய் அல்லும் பகலும் தரையின்மீது அமர்ந்திருக்குமாதலால், முதற்பணம் பொறியாளரின் ஆலோசனைக்கும் இரும்புத் தாங்கிக்குமே உரியது. பிறகு வடிகட்டி. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் சூட்சும ஜீவிகள் அதன் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் வாசம் செய்கின்றன. மின்சாரம் நின்றால் அவற்றுக்கும் மீன்களுக்கும் பிராணவாயு குன்றுமென்பதால், பேட்டரியில் இயங்கும் காற்று பம்பை ஆடம்பரமென்று நான் கருதுவதில்லை. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றவே 350 லிட்டர் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில் இது நித்திய விசாரம். இச்செலவை மாதந்தோறும் ஏற்க இயலாதவர்கள், தயவுசெய்து, சிறிய தொட்டியோடு திருப்தியுறுங்கள்.