பாசாங்கென்று எண்ணினேன்

"ஐயா, நெஞ்சு படபடக்கிறது" என்று அவன் எழுந்தபோது, பரீட்சைக்கு அஞ்சிப் பாசாங்கு செய்கிறான் என்றெண்ணிக் கடிந்து இருத்தினேன். திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் அத்துடிப்பின் காரணத்தைப் பின்னர் வைத்தியர் கண்டார். பிறவியிலேயே அவன் இருதயத்தில் மின்சாரம் பாயும் வழியொன்று மிகையாக இருந்ததாம். 1930இல் வொல்ஃப், பார்க்கின்சன், வைட் என்னும் மூவர் விவரித்த நோய் அது. 1968இல் முதன்முதலாக நெஞ்சைத் திறந்தே அவ்வழியை வெட்டினர். இன்றோ தொடையடி நாளத்தினூடே மெல்லிய குழாயைச் செலுத்தி, அவ்விடத்தை மட்டும் வெப்பத்தாற் சுட்டுவிடுகின்றனர். அவ்வாறே குணமடைந்து, சில நாட்களில் அவன் வகுப்புக்கு மீண்டான். "என்னை மன்னித்துவிடு, தம்பி" என்றேன், அவன் புன்னகைத்தான். பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளை நெஞ்சில் கைவைத்தால், கடிந்துகொள்ளுமுன் அதன் நாடியைப் பிடித்துப் பாருங்கள்.