மூச்சு வாங்காத வழி

"தினமும் நடக்கணும். ஆனா மேடு ஏறக்கூடாது. மூச்சு வாங்கினா உடனே உட்கார்ந்துடணும்."

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான். கேட்டுக்கொண்டவர் எறையூரைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் நண்பர்களோடு பச்சைமலை ஏறி இறங்கியவர். ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் பஸ்ஸை எதிர்பார்க்காமல் நடந்தே போய் வந்தவர். அப்படிப்பட்டவருக்கு இப்போது கிடைத்த வழி, வாசல் வேப்பமரத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரை. போக நாற்பது அடி, வர நாற்பது அடி!

இரண்டு மாதம் அப்படியே நடந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். "செக்குமாடு மாதிரி சுத்தறதுக்குப் படுத்தே கிடக்கலாம்" என்று சொல்லிவிட்டார். தார்ச்சாலையில் நடக்கச் சொன்னால் கரும்பு டிராக்டருக்கும் லாரிக்கும் ஒதுங்கியே நேரம் போய்விடும். வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கும் பேத்திதான் ஒருநாள் கேட்டாள். "தாத்தா, மேடே இல்லாத ஒரு காடு இருக்கு. வர்றீங்களா?"

"மேடு இல்லாத காடா? அது எங்க பாப்பா இருக்கு?"

"கரைவெட்டியில."

பெரம்பலூர், அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சாத்தனூர் கல்மரமும், கங்கைகொண்ட சோழபுரமும், சிமெண்ட் ஆலைகளும்தான். உள்ளூர்க்காரர்களிலேயே பலர் கரைவெட்டிக்குப் போனதில்லை. எறையூர் ஒரு கோடி என்றால் கரைவெட்டி இன்னொரு கோடி. பெரம்பலூர் வந்து, அங்கிருந்து அரியலூர், பிறகு தஞ்சாவூர் சாலையில் கீழப்பழுவூர், அதன்பின் கிராமச் சாலை. பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏற வேண்டும். எனவே ஒரு தை மாதக் காலையில், தெரிந்தவர் ஒருவரின் காரில், இருட்டோடு இருட்டாகக் கிளம்பினார்கள்.

அரியலூரைத் தாண்டும் வரை சுண்ணாம்புக்கல் லாரிகளும் புழுதியும்தான். கீழப்பழுவூர் வந்ததும் "பழுவேட்டரையர் ஊர் தாத்தா இது" என்றாள் பேத்தி. சோழர்களுக்குக் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட குறுநில மன்னர்கள் பழுவேட்டரையர்கள். அவர்கள் காலத்துக் கோயில்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அதைத் தாண்டினால் காட்சியே மாறிவிடுகிறது. மானாவாரி நிலம் பின்னால் போய், பழுத்துச் சாய்ந்த சம்பா நெல் வயல்கள் வருகின்றன. மறுபடியும் ஒரு திருப்பம். எதிரே சுவர் மாதிரி ஒரு மண்கரை. அதன்மேல் ஏறி நின்றால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்!

சரி, அப்படி என்ன இருக்கிறது அங்கே?

கரைவெட்டி ஏரி 1999-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர், அதாவது 1,100 ஏக்கருக்கும் மேல். வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு ஆச்சரியமாக இருக்கும். அதைப்போலப் பல மடங்கு பெரிய ஏரி இது. மழை நீரோடு, மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரித் தண்ணீரும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை முடியும்போது ஏரி நிரம்பியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் வந்து குவியும் காலம்.

2024 ஜனவரியில் கரைவெட்டி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் பல நாடுகள் கூடி, ஈரநிலங்களைக் காப்பதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தயாராகும் பட்டியல் அது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ராம்சார் என்றால் வேலி போட்டு மனிதர்களை வெளியேற்றுவது அல்ல. ஈரநிலத்தைக் கெடுக்காமல் பயன்படுத்துங்கள் என்பதுதான் அதன் அடிப்படை. கரைவெட்டி இன்றும் பாசன ஏரிதான். பறவை ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம், நடுவில் கரை. அந்தக் கரைதான் நடக்கும் பாதை.

ஏரிக்கரை நடை எளிது என்று சொல்வதற்குக் காரணம் அதன் மட்டம். தண்ணீர் தேக்குவதற்காகக் கட்டிய கரை ஒரே உயரத்தில்தான் இருக்க வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தால் அங்கேதான் உடைப்பு எடுக்கும். அதனால் ஒருமுறை ஏறிவிட்டால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள், இதய நோயாளிகள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் அவரவர் வேகத்தில் நடக்கலாம். போதும் என்று தோன்றிய இடத்தில் திரும்பிவிடலாம். உச்சியைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது!

பெரியவர் முதல் ஐந்து நிமிடம் பயந்து பயந்துதான் நடந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தார். பேத்தி கூடவே மெதுவாக நடந்தாள். பத்தாவது நிமிடம் கையை எடுத்துவிட்டார். காரணம், பார்ப்பதற்கு எதிரே அவ்வளவு இருந்தது.

கரைவெட்டியின் காடு கரையில் மட்டும் இல்லை. ஏரிக்குள்ளேயே இருக்கிறது. நாட்டுக் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம் அது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயோ பூனையோ எளிதில் நெருங்க முடியாது. முள் வேறு. கூடு கட்ட இதைவிட நல்ல இடம் பறவைகளுக்கு எங்கே கிடைக்கும்? சீமைக் கருவேலத்தையும் இதையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. இது இந்த மண்ணின் மரம். உருண்டை உருண்டையாக மஞ்சள் பூ பூக்கும்.

மரத்தின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காயப் போட்டிருந்தன. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பாம்பு போலவே போனது. நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் நத்தை தேடின. அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். முழுதாக மூடாத அலகு! கூழைக்கடாக்கள், அரிவாள்மூக்கன்கள், நாமக்கோழிகள், ஊசிவால் வாத்துகள் என்று பேத்தி பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். பெரியவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு பட்டைகள். வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டித் தெற்கே வரும் பறவை. கடல் மட்டத்துக்கு மேல் 6,000 மீட்டரையும் தாண்டிப் பறப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

"அவ்ளோ பெரிய மலையத் தாண்டி இங்க எதுக்கு வருது?"

"இங்கதானே தாத்தா தண்ணி இருக்கு, தீனி இருக்கு. மட்டமான இடமா வேற இருக்கு."

பெரியவர் சிரித்தார். "அப்ப அதுவும் என்ன மாதிரிதான்."

பார்வைக் கோபுரம் வந்தபோது பேத்தி மட்டும் மேலே ஏறினாள். பெரியவர் கீழே நிழலில் உட்கார்ந்தார். அவள் இறங்கி வந்து "மேல இருந்து பார்த்தா சூப்பரா இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்தான் பேசினார். காலையிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டவர் இப்போது சொல்ல ஆரம்பித்தார்.

"இது மதகு. இத தொறந்தா தண்ணி வயலுக்குப் போகும். ஏரி ரொம்பி மிஞ்சினா வழியறதுக்குத் தனியா கலிங்கு இருக்கும். அது இல்லேன்னா கரை உடஞ்சிடும். எங்க அப்பா காலத்துல வீட்டுக்கு ஒரு ஆள் கரைக்கு மண்ணு போடப் போகணும். நானும் சின்னப் பையனா கூடைய தூக்கிட்டுப் போயிருக்கேன். குடிமராமத்துன்னு பேரு. வருசா வருசம் போடலேன்னா மழையில கரைஞ்சு போயிடும். கரை சும்மா நிக்காது பாப்பா. நிக்க வைக்கணும்."

பேத்திக்கு அதுவரை அந்தப் பாதை, நடப்பதற்கென்று இருக்கும் ஒரு பாதையாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அப்படித் தெரியவில்லை. காலுக்கு இதமாக இருந்த அந்த மட்டம், பெயர் தெரியாத எத்தனையோ பேர் கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய மண். அவர்கள் நடைப்பயிற்சிக்காகக் கொட்டவில்லை. பறவைக்காகவும் கொட்டவில்லை. நெல்லுக்காகக் கொட்டினார்கள். நெல்லுக்கு வந்த தண்ணீருக்குப் பறவை வந்தது. பறவையைப் பார்க்க மனிதர்கள் வந்தார்கள். இதில் ஒன்று போனால் மற்றதும் போகும். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருடம், மழை பொய்த்த வருடம், வாய்க்கால் தூர்ந்துபோன வருடம் என்று எது வந்தாலும் ஏரி சீக்கிரம் வற்றும். பிறகு வரித்தலை வாத்துக்கு இங்கே என்ன வேலை?

வேடந்தாங்கல் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் வேட்டையாட யாரையும் விட்டதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. ஊரே இப்படி விட்டுக்கொடுக்கும்போது, ஒரு காலை மட்டும் வந்து போகிறவர்கள் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா?

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் நடப்பது நல்லது. அதற்குமேல் வெயில் ஏறிவிடும்.

சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்ற உடை வேண்டாம். மண் நிறமோ இலை நிறமோ இருக்கட்டும்.

செல்போனில் பாட்டு வேண்டவே வேண்டாம். பறவை ஓடிப்போனால் பார்க்க என்ன இருக்கும்?

சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கரைச் சரிவில் இறங்கக் கூடாது. மிதித்து மிதித்து மண் சரியும். வழுக்கும். பாம்பும் இருக்கும்.

உடம்பு சரியில்லாதவர்கள் தனியாகப் போகக் கூடாது. மாத்திரையை மறக்கக் கூடாது. திரும்பி வரும் தூரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

அன்றைக்குப் பெரியவர் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒன்றரை மணி நேரம் நடந்திருந்தார். ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. காருக்குத் திரும்பும்போது பேத்தி கேட்டாள்.

"அடுத்த மாசமும் வருவோமா தாத்தா?"

"இவ்ளோ தூரம் எதுக்கு? ஏரிக்கரை நம்ம பக்கம் இல்லையா?"

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் அவரைக் காணோம். வீட்டில் பதறிப் போய்த் தேடினார்கள். ஊருக்குப் பக்கத்து ஏரிக்கரையில், கையில் ஒரு குச்சியோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். வரித்தலை வாத்து அங்கே இல்லை. இரண்டு கொக்கும் ஒரு மீன்கொத்தியும் இருந்தன. கரையில் ஓரிடத்தில் மழை அரித்த பள்ளம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த மண்கட்டிகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளிவிட்டு, மேலே நடந்தார்.