முதல் வண்டி

திண்டிவனம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

பழைய கார் ஒன்றை வாங்கி நீயே சரிசெய்து ஓட்டப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீ அனுப்பிய மூன்று வண்டிகளின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். நீ நிதானமாகத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதால் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

உன் மனசு மரக்காணத்து ஹெரால்டில்தான் இருக்கிறது. இருக்காதா பின்னே! ஸ்டாண்டர்டு கம்பெனி நம் சென்னையில் செய்த வண்டி. பானெட்டை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்த்துவிட்டால் இன்ஜின் முழுசும் கைக்கு எட்டும். சேசிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக எடுக்கலாம். தொழில் பழக இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. ஆனால் இந்த வண்டி உப்பளக் காற்றில் வருஷக்கணக்காக நின்றது. டிரைவர் பக்கக் கதவின் இடைவெளியைப் படத்தில் பார். மேலே விரல் நுழைகிறது, கீழே உரசுகிறது. சேசிஸிலிருந்து இருபக்கமும் நீண்டு பாடியைத் தாங்கும் இரும்புக் கைகள் உளுத்திருந்தால் கதவு இப்படித் தொங்கும். அதைச் சரிசெய்யப் பாடியைத் தூக்க வேண்டி வரும். கண்ணாடி, பீடிங், கதவு ரப்பர் எல்லாவற்றுக்கும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூர் வரை விசாரிக்க வேண்டியிருக்கும். முதல் வண்டியிலேயே இவ்வளவும் வந்தால் ஆறாவது மாதம் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுவாய். அப்படி மூடிய வண்டிகள் நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ உண்டு.

அம்பாசடர் மோசமில்லை. தகடு கனம், பழகும் கைக்கு வெல்டிங் தாங்கும். 2014 வரை தயாரான வண்டி என்பதால் சாமானும் கிடைக்கும், சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் மேஸ்திரிகள் திண்டிவனத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நீ பார்த்தது டீசலுக்கு மாற்றிய பழைய டாக்ஸி. மாற்றிய இன்ஜினின் நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று கேட்டாயா? ஏறவில்லை என்றால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

என் ஓட்டு விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டு மாருதி 800க்குத்தான். தொண்ணூறுகளில் வந்த கார்பரேட்டர் மாடல். 796 சிசி, மூன்றே சிலிண்டர். செயின் பிளாக் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து இன்ஜினை இறக்கிவிடலாம். சாமான் விழுப்புரத்திலேயே கிடைக்கும். எல்லாவற்றையும்விட, அது இன்றைக்கும் ஓடுகிறது. ஓடுகிற வண்டியில் ஒரு மாதம் பிரேக், அடுத்த மாதம் சஸ்பென்ஷன் என்று பழகலாம். நடுநடுவே அக்காவை மயிலம் கோயிலுக்கும் கூட்டிப் போகலாம். ஆனால் ஹெரால்டை 50 வருஷம் தாண்டியதென்று விண்டேஜாகப் பதிந்தால் 2021 விதிப்படி அன்றாடம் ஓட்டவே முடியாது.

இன்ஜின் சத்தத்தில் மயங்காதே, மாப்பிள்ளை. இன்ஜினை லேத்தில் கொடுத்து போரிங் போட்டு வாங்கிவிடலாம். டிங்கரிங்தான் பணத்தையும் பொறுமையையும் தின்னும். காலடி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பார். பேட்டரி தட்டுக்கு அடியில் பார். ரன்னிங் போர்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்து. ஒட்டாத இடத்தில் பட்டியைக் கனமாக அப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் முழுகின. சீட்டின் இரும்புச் சட்டம், சீட் பெல்ட்டின் உள்பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் வயர்கள், இங்கெல்லாம் வண்டல் படிந்திருந்தால் அந்த வண்டியைத் தொடாதே.

காகிதமும் முக்கியம். ஆர்.சி. விற்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும், வண்டியின் பதிவு ஆன்லைனிலும் வர வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. இதையெல்லாம் கணக்கில் சேர்த்து விலை பேசு. கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதே. மீதி வேலைக்கு வேண்டும்.

ஹெரால்டை நான் மறுக்கவில்லை. 800ஐ முடி, அதன் பிறகு நாம் இருவரும் சேர்ந்தே மரக்காணம் போய்ப் பேசுவோம்.

ஞாயிறு காலை விழுப்புரம் வருகிறேன். 800இன் ஆர்.சி. ஜெராக்ஸ் ஒன்று வாங்கி வை, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க ஒரு சாக்கும் டார்ச்சும் எடுத்து வை. அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் மாமா